கணிப்பொறி வலையமைப்புப் பணிக்குரிய தகுதிகள்

பள்ளியிறுதிப் பரீட்சையில் தேறிய பிள்ளையை உடன் அழைத்துக்கொண்டு பெற்றோர் ஆசிரியரிடம் வந்து, "கணிப்பொறி வலையமைப்பு வேலைக்கு என்ன படிக்க வைக்கலாம்?" என்று வினவுவது இந்நாளில் சிற்றூர்களிலும் சாதாரணமாகிவிட்டது. ஊராட்சி அலுவலகங்களுக்குச் சென்று வரும் களப்பணியாளரிடமும் இவ்வினா எழுப்பப்படுகின்றது. அவர்கள் விடை கூறுவதற்கு முன்பாகவே வேறொருவர் கூறிவிடுகின்றார். சில வாரங்களில் சான்றிதழ், வேலைக்கு முழு உத்தரவாதம் என்று அச்சிட்ட விளம்பரத் தாள் ஒன்று நகரத்துப் பயிற்சிக்கூடத்திலிருந்து ஏற்கெனவே வீட்டை எட்டியிருக்கும். நகையை அடகு வைத்தும் கடன்பட்டும் கட்டணம் செலுத்திய பின்னரே, சான்றிதழ் வேறு, தொழிலறிவு வேறு என்பது பல குடும்பங்களுக்குப் புலனாகின்றது. இத்தொழிலுக்கு உண்மையாகவே வேண்டப்படுவது யாது, அதனை எங்கே, எவ்வளவு செலவில் பெறலாம் என்பதை ஆசிரியரும் களப்பணியாளரும் அறிந்திருப்பின் அக்கடனில் ஒரு பகுதியேனும் தவிர்க்கப்படும்.

கணிப்பொறிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் முறை, தபால் இலாகாவின் முறையை ஒருவாறு ஒத்தது. அனுப்பவேண்டிய செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகின்றது. ஒவ்வொரு பொதியின் மேலும் அனுப்பும் யந்திரத்தின் எண்முகவரியும் பெறும் யந்திரத்தின் எண்முகவரியும் பொறிக்கப்படுகின்றன. ஓர் அலுவலகத்திற்குள் இப்பொதிகளை உரிய கணிப்பொறியிடம் சேர்ப்பிக்கும் பெட்டிக்கு ஸ்விட்ச் என்றும், ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு வழிகாட்டி அனுப்பும் பெட்டிக்கு ரூட்டர் என்றும் பெயர். இப்பெட்டிகளை நிறுவுதல், அவற்றிற்குக் கட்டளைகள் இடுதல், கம்பிகளையும் கண்ணாடி இழைகளையும் இணைத்தல், பழுது நேரின் கண்டுபிடித்துத் திருத்துதல் ஆகியன வலையமைப்புப் பணியாளரின் கடமைகளாகும்.

நம் நாட்டில் இத்துறைக்கு வித்திட்டது 1986இல் மத்திய அரசாங்கத்தின் மின்னணுவியல் இலாகா, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் தொடங்கிய எர்னெட் என்னும் திட்டம். டில்லி, பம்பாய், கான்பூர், கரக்பூர், சென்னை ஆகிய ஐந்து இடங்களிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும், பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழகமும், பம்பாயில் இயங்கிய தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் அவ்விலாகாவோடு சேர்ந்து அதில் பங்கேற்றன. இன்று விளம்பரங்களில் காணப்படும் சிஸ்கோ போன்ற நிறுவனங்களின் சான்றிதழ்களில் எதுவும் அன்று பிறந்திருக்கவில்லை. பொதுமக்களுக்கு இணையத் தொடர்பு 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் மூலமாகத் திறந்துவிடப்பட்டது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்திற்கு 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இன்று பாரத்நெட் என வழங்குவது அதுவே. ஆகவே வலையமைப்பு என்பது மாநகரங்களுக்குள் அடங்கிய பொருள் என்னும் நிலை மாறி, ஊராட்சி அலுவலகத்தின் சுவரில் ஆணியடித்து மாட்டிய சிறு பெட்டியாக அது நம் வாசகர்களின் கண்முன்னே வந்து நிற்கின்றது.

தொழிலின் இயல்பு

அத்தகைய ஓர் அலுவலகத்தையே உதாரணமாகக் கொள்வோம். ஐந்து கணிப்பொறிகள் உள்ளன. ஒரு நாள் காலையில் இணையப் பக்கம் எதுவும் திறக்கவில்லை. சான்றுகள் பெற வந்த மக்கள் வரிசையில் நிற்கின்றனர். பயிற்சியற்றவர் முதலில் செய்வது எல்லாப் பெட்டிகளையும் அணைத்துப் போடுவதாகும். சில வேளைகளில் அது பலனளிக்கவும் கூடும். அதனாலேயே அது தீய பழக்கம். பழுது நீங்கியது போல் தோன்றும், ஆனால் காரணம் தெரியாமற்போகும், மறுநாள் அதே பழுது திரும்ப வரும்.

பயிற்சி பெற்றவர் கையை நீட்டுவதற்கு முன் வாயைத் திறக்கின்றார். பழுது ஒரு கணிப்பொறியிலா, எல்லாவற்றிலுமா? எப்போது தொடங்கியது? நேற்று மாலைக்கும் இன்று காலைக்கும் இடையே அறையில் எதையேனும் இடம் மாற்றினார்களா? இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளே பாதிப் பழுதைக் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்துச் சுவர்ப்பெட்டியின் விளக்குகளைப் பார்க்கின்றார். கண்ணாடி இழையில் ஒளி வந்து சேராவிடில் பெரும்பாலான பெட்டிகளில் சிவப்பு விளக்கு எரியும். அவ்வாறாயின் பழுது அலுவலகத்திற்கு வெளியே என்று கொண்டு, இழைப் பராமரிப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒளி வருகின்றதெனில் கணிப்பொறியின் எண்முகவரியை நோக்குகின்றார். அது 169.254 என்று தொடங்குமாயின், முகவரி வழங்கவேண்டிய கருவியிடமிருந்து எதுவும் கிடைக்காமையால் கணிப்பொறி தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டுள்ளது என்பது பொருள். ஆகவே அக்கருவிக்கும் கணிப்பொறிக்கும் இடைப்பட்ட கம்பியையும் ஸ்விட்சையும் சோதிக்க வேண்டும். முகவரி சரியாயிருப்பின், பிங் என்னும் கட்டளையால் அருகிலுள்ள ரூட்டருக்குக் குரல் கொடுத்துப் பார்க்கின்றார். பதில் வந்தால் வெளியுலகின் எண்முகவரி ஒன்றுக்குக் குரல் கொடுக்கின்றார். அதற்கும் பதில் வந்து, பெயரால் அழைக்கும்போது மட்டும் பதில் வராவிடில், பெயரை எண்ணாக மாற்றித் தரும் ஏற்பாட்டிலேயே கோளாறு இருக்கின்றது. பத்து நிமிடத்திற்குள் பழுதின் இடம் தெரிந்துவிடுகின்றது.

இவ்வாறு கீழிருந்து மேலாகப் படிப்படியாய்ச் சோதிக்கும் ஒழுங்கிற்கு அடிப்படையான ஏழடுக்கு மாதிரியைச் சர்வதேசத் தரநிர்ணய நிறுவனம் 1984இல் வெளியிட்டது. பாடப்புத்தகங்களில் இவ்வேழடுக்குகளின் பெயர்களை மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றனர். நடைமுறையில் இயங்கும் இணையம் அந்த ஏழடுக்கை அப்படியே பின்பற்றவில்லை என்பதும் உண்மையே. எனினும், அடுக்குகளின் உண்மையான பயன் பழுது தேடும் வரிசையில்தான் இருக்கின்றது. அந்த வரிசை கைவசமானவரே இத்தொழிலுக்குத் தகுதியுடையவர் என்று யான் கருதுகின்றேன். ஏனைய தகுதிகள் அனைத்தும் அவரை அந்த இடத்திற்குக் கொண்டு சேர்ப்பதற்கான வழிகளே.

பாஸ்டன் மருத்துவமனையில் நிகழ்ந்தது

இத்தகுதியின் பெறுமானத்தைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று அமெரிக்க ஐக்கிய நாட்டின் பாஸ்டன் நகரில் 2002 நவம்பரில் ஏற்பட்டது. அங்குள்ள பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவ மையம் கணிப்பொறி வசதிகளில் அந்நாட்டிலேயே முன்னணியில் நின்ற மருத்துவமனைகளுள் ஒன்று. மருந்துச் சீட்டு, இரத்தப் பரிசோதனை முடிவு, நோயாளியின் முந்தைய குறிப்பு யாவும் வலையமைப்பின் வழியாகவே மருத்துவரை அடைந்தன. நவம்பர் 13ஆம் நாள் அவ்வலையமைப்பு தடுமாறத் தொடங்கி, ஏறத்தாழ நான்கு நாட்கள் நிலைகொள்ளாமல் இருந்தது. காகிதத்தில் மருந்து எழுதிப் பழகாத இளம் மருத்துவர்கள், பழைய படிவங்களை எடுத்துக் கையால் எழுத வேண்டியதாயிற்று. பரிசோதனை முடிவுகளை ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடினர்.

காரணம் ஒரு கருவி உடைந்ததன்று. ஸ்விட்சுகளை ஒன்றோடொன்று இணைக்கும்போது, ஒரு வழி அறுந்தால் மறுவழி உதவும் பொருட்டு இரட்டை வழிகள் வைப்பதுண்டு. ஆயின் அதனால் வட்டம் ஒன்று உண்டாகி, சில பொதிகள் முடிவின்றிச் சுற்றிச் சுற்றி வந்து பெருகி, வலையமைப்பையே அடைத்துவிடும். இதனைத் தடுக்க, உபரி வழிகளைத் தற்காலிகமாக மூடிவைத்து மரத்தின் கிளைகளைப்போல் ஒற்றை வழியை மட்டும் திறந்துவைக்கும் நெறிமுறையை 1985இல் ரேடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் வகுத்தார். அவர் கணிதம் பயின்றவர். அந்நெறிமுறையின் வழக்கமான அளவுகளின்படி, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இடையே ஏழு ஸ்விட்சுகளுக்கு மேல் தொடர் நீளலாகாது. மருத்துவமனையின் வலையமைப்போ தேவை தோன்றியபோதெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக இணைக்கப்பட்டு வளர்ந்து, அவ்வெல்லையைக் கடந்திருந்தது. ஆராய்ச்சியாளர் ஒருவரின் பெருந்தொகுதியான தகவல் ஒருசேரப் புகுந்தபோது நெறிமுறை நிலைதவறி, வட்டம் மூடப்படாமல் நின்றது. சிஸ்கோ நிறுவனத்திலிருந்து பொறியாளர்களும் கருவிகளும் வரவழைக்கப்பட்டு, வலையமைப்பின் அமைப்பே மாற்றப்பட வேண்டியதாயிற்று. அங்குத் தகவல் பிரிவின் தலைவராயிருந்த டாக்டர் ஜான் ஹலம்கா நடந்ததை மறைக்காமல் பிறர் அறியும்படி வெளியிட்டார். நம் அலுவலகங்களும் கற்கத்தக்க வழக்கம் அது.

அம்மருத்துவமனையில் ஸ்விட்சுகளை இணைக்கத் தெரிந்தவர்கள் இருந்தனர். முழு வலையமைப்பின் வரைபடத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு, "இன்னுமொன்றை இங்கே சேர்த்தால் என்னவாகும்?" என்று கேட்கும் வழக்கமே இல்லாமற்போயிற்று. வரைபடம் எழுதிப் பாதுகாத்தலைத் தகுதிகளுள் ஒன்றாக எந்த விளம்பரத் தாளும் குறிப்பிடுவதில்லை.

கணக்கறிவு

உயர்கணிதம் தெரிந்தாலன்றி இத்துறையில் நுழைய இயலாது என்னும் அச்சம் மாணவரிடையே இருக்கின்றது. அன்றாட வலையமைப்புப் பணிக்கு வேண்டிய கணக்கு எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு எட்டாததன்று. இன்றும் பெருவழக்கிலுள்ள நான்காம் பதிப்பு எண்முகவரி 32 இரும எண்களால் ஆனது. ஆகவே மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உண்டு. அவை போதாமையாலேயே 128 இரும எண்கள் கொண்ட ஆறாம் பதிப்பு வகுக்கப்பட்டது.

கரும்பலகையில் எழுதத்தக்க ஒரு கணக்கை இங்கே தருகின்றோம். ஒரு பள்ளிக்கு 192.168.10.0 முதல் 192.168.10.255 வரையுள்ள 256 முகவரிகள் இருக்கின்றன. அலுவலகம், ஆய்வுக்கூடம், நூலகம், விடுதி என நான்கு பகுதிகளாக அவற்றைச் சமமாகப் பிரிக்க வேண்டும். ஒரு பகுதிக்கு 64 முகவரிகள் வரும். முதல் முகவரி அப்பகுதியின் பெயராகவும், கடைசி முகவரி பகுதியிலுள்ள அனைவரையும் ஒருங்கே அழைப்பதற்கும் ஒதுக்கப்படுவதால், கணிப்பொறிகளுக்கு எஞ்சுவன 62. பகுதிகள் 0, 64, 128, 192 ஆகிய எண்களில் தொடங்கும். இப்போது மாணவரைக் கேட்கலாம்: 192.168.10.70 என்னும் முகவரியுடைய கணிப்பொறியும் 192.168.10.130 என்னும் முகவரியுடையதும் ஒரே பகுதியைச் சேர்ந்தனவா? முன்னது இரண்டாம் பகுதி, பின்னது மூன்றாம் பகுதி. ஆதலின் இடையே ரூட்டர் ஒன்று நின்றாலன்றி அவை பேசிக்கொள்ளமாட்டா. இதனை விரல்விட்டு எண்ணிக் கூறும் மாணவி, பணம் கட்டிப் பயிற்சிக்கூடம் செல்வோர் முதல் மாதத்தில் கற்பதைத் தன் வகுப்பறையிலேயே கற்றுவிட்டாள் எனலாம்.

கல்வி வழிகள்

பத்தாம் வகுப்பிற்குப் பின் தொழிற்பயிற்சி நிலையங்களில் கணிப்பொறி வன்பொருள் மற்றும் வலையமைப்புப் பராமரிப்பு என்னும் ஓராண்டுப் பயிற்சியும், தகவல் தொடர்புச் சாதனங்களின் பராமரிப்பு பற்றிய ஈராண்டுப் பயிற்சியும் உண்டு. எல்லா நிலையங்களிலும் இவை நடைபெறுவதில்லை. விசாரித்தே சேர வேண்டும். முடிவில் கிடைப்பது தேசியத் தொழிற்சான்றிதழ். பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமா முடித்தவர் பொறியியற் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. பட்டப்படிப்புகளைப் பற்றி விரிவாக எழுதத் தேவையில்லை. கணிப்பொறி விஞ்ஞானம், மின்னணுத் தொடர்பியல், கணிப்பொறிப் பயன்பாட்டியல் ஆகிய எதுவாயினும் நுழைவாயிலாக அமையும். அரசாங்க உத்தியோகங்களுக்கு விளம்பர அறிவிப்பில் குறித்த பட்டமோ டிப்ளமாவோ கட்டாயம் வேண்டும். எத்தனை தனியார் சான்றிதழ்கள் இருந்தாலும் அக்குறையை அவை ஈடுசெய்யமாட்டா. தனியார் நிறுவனங்களிலும் பதவியுயர்வின்போது பட்டம் கேட்கப்படுவதுண்டு. ஆகவே பட்டம் வீண் என்று மாணவருக்கு உபதேசிப்போரை நம்ப வேண்டியதில்லை.

பட்டப்படிப்பிற்கு வசதியற்றோர் கருத்தில் கொள்ளத்தக்கது, மத்திய அரசாங்கத்தின் தேசிய மின்னணுவியல் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் நடத்தும் பரீட்சைகள். இந்நிறுவனம் டோயாக் என்னும் பெயரால் முன்பு வழங்கி, 2011இல் இப்பெயர் பெற்றது. ஓ, ஏ, பி, சி என நான்கு நிலைகள் வகுக்கப்பட்டன. ஓ நிலையின் முதல் தாள் தகவல் தொழில்நுட்பக் கருவிகளையும் வலையமைப்பின் அடிப்படைகளையும் பற்றியதே. தனியாகப் படித்தும் இப்பரீட்சைக்கு அமரலாம். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி நிறுவனங்கள் பழகுநரை ஏற்றுக் கொண்டு உதவித்தொகையும் அளிக்கின்றன. பயிற்சிக்கூடத்திற்குப் பணம் கொடுத்துக் கற்பதினும், பழகுநராகச் சேர்ந்து பணம் பெற்றுக் கற்பது மேலானது என்பதைக் கூறவும் வேண்டுமோ!

இனி, விளம்பரங்களில் அதிகம் அடிபடும் தனியார் சான்றிதழ்கள். சிஸ்கோ நிறுவனம் 1998இல் தொடங்கிய சி.சி.என்.ஏ. என்னும் பரீட்சை இவற்றுள் மிகவும் அறியப்பட்டது. முன்தகுதி எதுவும் கேட்கப்படுவதில்லை. பள்ளியிறுதி தேறியவரும் எழுதலாம். 2020 பிப்ரவரி 24இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி அது இரண்டு மணி நேரப் பரீட்சை. பாடத்திட்டத்தில் பொதிகளுக்கு வழிகாட்டும் பகுதிக்கு நூற்றுக்கு 25 பங்கும், அடிப்படைகளுக்கு 20 பங்கும், உள்வலையமைப்புக்கு 20 பங்கும் ஒதுக்கப்பட்டன. கட்டணம் 300 டாலர். நம் நாணயத்தில் இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குக் குறையாது. மிக முக்கியமான செய்தி ஒன்றைப் பயிற்சிக்கூடத்தார் முதலிலேயே சொல்வதில்லை: இச்சான்றிதழ் மூன்றாண்டுகளுக்கே செல்லும், பின்னர்ப் புதுப்பிக்க வேண்டும். காம்ப்டியா என்னும் அமைப்பின் நெட்வொர்க் பிளஸ் சான்றிதழுக்கும் அதே மூன்றாண்டுதான். அது எந்த ஒரு நிறுவனத்தின் கருவியையும் சாராதது. பத்தாம் வகுப்பு முடித்த பதினைந்து வயதுச் சிறுவனுக்கு இன்றே அச்சான்றிதழை வாங்கிக் கொடுத்தால், அவன் வேலை தேடும் பருவத்தில் அது காலாவதியாகியிருக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கப்போகும் ஆண்டிலே எழுதுவதுதான் விவேகம்.

இவ்வரிசையின் உச்சியில் நிற்பது 1993இல் தொடங்கப்பட்ட சி.சி.ஐ.இ. அதில் எட்டு மணி நேரச் செய்முறைப் பரீட்சை உண்டு. முதல் வரிசை எண்ணாகிய 1024ஐ மனிதர் எவருக்கும் கொடாமல் பரீட்சைக்கூடத்திற்கே வழங்கினர் என்பது சுவையான செய்தி. இப்பரீட்சையில் உண்மையான வலையமைப்பை அமைத்துக் காட்ட வேண்டியிருத்தலால், மனப்பாடம் உதவாது. கீழ்நிலைப் பரீட்சைகளுக்கோ, கேள்விகளைத் திருட்டுத்தனமாகத் திரட்டி விற்கும் வியாபாரம் பெருகியிருக்கின்றது. அவற்றைப் பாடம் செய்து தேறுவோர் உண்டு. கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழ் ரத்தாகும். கண்டுபிடிக்கப்படாமற்போனாலும், நேர்முகப் பரீட்சையில் மேற்கண்ட 62 என்னும் எண் எவ்வாறு வந்தது என்று கேட்டவுடன் உண்மை வெளிப்பட்டுவிடும்.

செலவின்றிக் கற்கும் சாதனங்கள் இன்று ஏராளம். சிஸ்கோ நிறுவனத்தின் பாக்கெட் டிரேசர் என்னும் மென்பொருளில் ரூட்டர்களையும் ஸ்விட்சுகளையும் திரையிலேயே இணைத்துப் பழகலாம், விலை இல்லை. கம்பியில் செல்லும் பொதிகளைப் பிரித்துப் பார்க்க உதவும் வயர்ஷார்க்கும் இலவசம். 1998இல் ஜெரால்ட் கோம்ப்ஸ் என்பவர் வேறு பெயரில் வெளியிட்ட மென்பொருள் 2006 முதல் இப்பெயரால் வழங்குகின்றது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் கணிப்பொறி வலையமைப்பு பற்றிய விரிவுரைகள் உள்ளன. அவற்றைக் கேட்கக் கட்டணமில்லை. பரீட்சை எழுதிச் சான்று பெற விரும்பினால் மட்டும் சிறு தொகை செலுத்த வேண்டும். இம்மூன்றையும் ஆறு மாதம் ஒழுங்காகப் பயன்படுத்திய பின்னரும் பயிற்சிக்கூடம் தேவை என்று மாணவர் கூறினால், அப்போது பணம் செலவிடலாம்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் ஈடுபட்டவன் என்ற முறையில் மொழியைப் பற்றியும் ஒரு சொல் கூற விரும்புகின்றேன். இத்துறைக் கருவிகளின் கட்டளைகளும் பழுதறிவிப்புகளும் ஆங்கிலத்திலேயே உள்ளன. ஆகவே அவற்றைப் படித்துப் பொருள் கொள்ளும் அளவிற்கு ஆங்கிலம் வேண்டும். சரளமாக உரையாடும் ஆற்றல் முதல் நாளே தேவைப்படுவதில்லை. ரூட்டரைத் திசைவி என்று பெயர்த்தெழுதுவதில் எமக்கு மகிழ்ச்சியே. ஆனால் கடைக்காரரிடமும் மேலதிகாரியிடமும் மாணவர் ரூட்டர் என்றே கேட்க வேண்டியிருக்கும். பெயர் எதுவாயினும், பொதி ஏன் அவ்வழியே சென்றது என்பதைத் தாய்மொழியில் விளக்கத் தெரிந்தவருக்கு விஷயம் விளங்கியிருக்கின்றது என்று கொள்ளலாம்.

யந்திரங்களே இனி வலையமைப்பைப் பார்த்துக்கொள்ளும், ஆட்கள் வேண்டியதில்லை என்னும் பேச்சும் காதில் விழுகின்றது. பெரிய நிறுவனங்களில் நூற்றுக்கணக்கான கருவிகளுக்கு ஒருவரே ஒரு நிரலெழுதிக் கட்டளையிடுவது உண்மை. அதனால் பைத்தான் போன்ற ஒரு நிரல்மொழியின் அடிப்படை தெரிந்திருத்தல் அவசியமாகிவிட்டது, சி.சி.என்.ஏ. பாடத்திட்டத்திலும் தானியங்கு முறைக்கு நூற்றுக்குப் பத்துப் பங்கு சேர்க்கப்பட்டது. ஆயின் ஒரு கட்டளையால் நூறு கருவிகளைத் திருத்த முடியுமாயின், ஒரு கட்டளையால் நூறு கருவிகளைக் கெடுக்கவும் முடியும். 2021 அக்டோபர் 4ஆம் நாள் பேஸ்புக் நிறுவனத்தில் பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளை, அதன் தகவல் நிலையங்களை ஒன்றிலிருந்து ஒன்று துண்டித்தது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனை மென்பொருளிலும் பிழை இருந்தது. உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் அதன் சேவைகள் நின்றன. பழுது பார்க்கும் உபகரணங்களும் அதே வலையமைப்பை நம்பியிருந்தமையால், பொறியாளர்கள் கருவிகள் இருந்த இடத்திற்கே நேரில் செல்ல வேண்டியதாயிற்று. கட்டிடக் காவலைக் கடந்து உள்ளே நுழைவதற்கும் காலதாமதம் ஏற்பட்டது.

உடற்தகுதி பற்றி இரண்டு குறிப்புகள். கண்ணாடி இழைகளும் கம்பிகளும் நிறத்தாலேயே அடையாளம் காணப்படுகின்றன. பன்னிரண்டு இழைகளுக்கு நீலம், செம்மஞ்சள், பச்சை, பழுப்பு என்று தொடங்கிப் பன்னிரண்டு நிறங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண்ணுடைய மாணவருக்கு இழை இணைக்கும் வேலை இடர் தரும். அக்குறையைப் பயிற்சிக் கட்டணம் செலுத்துமுன் சோதித்தறிவது நலம். திரையின் முன்னிருந்து செய்யும் வலையமைப்புப் பணிகளுக்கு அது அவ்வளவு தடையன்று. இரண்டாவது, களப்பணியாளர் அனைவருக்கும் உரியது. கண்ணாடி இழையின் முனையை ஒருபோதும் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தலாகாது. அதில் வரும் ஒளி அகச்சிவப்பாதலால் கண்ணுக்குத் தெரியாது, ஆயினும் கண்ணைக் கெடுக்கக்கூடும். வெட்டிய இழைத்துண்டுகள் முள்ளைப்போல் தோலில் புகுந்து முறியும். மூடியுள்ள புட்டியில் அவற்றைச் சேர்த்துவைக்க வேண்டும்.

பள்ளியில் செய்யத்தக்கது

ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியிலும் செய்யக்கூடிய பயிற்சி ஒன்றுண்டு. சில மீட்டர் நீளமுள்ள வலையமைப்புக் கம்பி, எட்டு முள் இணைப்பான்கள், அவற்றை நெரித்துப் பொருத்தும் கிரிம்பிங் கருவி, எளிய சோதனைப்பெட்டி ஆகியவை போதும். கம்பிக்குள் எட்டு இழைகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். பெருவழக்கிலுள்ள வரிசை இது: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனைகளிலும் இதே வரிசையில் அடுக்கி, முனைகளைச் சமமாக வெட்டி, இணைப்பானுக்குள் இறுதிவரை தள்ளி நெரிக்க வேண்டும். முறுக்கைத் தேவைக்கு மேல் பிரிக்கலாகாது. ஒரே தொடராக இழுக்கும் கம்பி 100 மீட்டருக்கு மேல் நீளலாகாது.

மாணவருள் ஒருவர், பச்சையை ஏன் நீலங்களைத் தாண்டி ஆறாம் இடத்தில் வைக்க வேண்டும், ஜோடிகளை அடுத்தடுத்தே வைத்தால் என்ன என்று கேட்பார். அவ்வாறே ஒரு கம்பியைச் செய்து பார்க்க அவரை அனுமதிக்கலாம். இரு முனைகளிலும் ஒரே வரிசையாயிருப்பதால் சோதனைப்பெட்டியில் எட்டு விளக்குகளும் ஒழுங்காகவே எரியும். ஆனால் மூன்றாம் முள்ளும் ஆறாம் முள்ளும் ஒரே சமிக்ஞையைச் சுமப்பவை. அவை வெவ்வேறு ஜோடிகளில் அமைந்துவிட்டால், அயலிழையின் குறுக்கீட்டை நீக்கும் பணியை முறுக்கு செய்யாது. ஒரு மீட்டர் நீளத்தில் குறை தெரியாமற்போகலாம். அறுபது, எழுபது மீட்டர் இழுத்த பின்னர்ப் பொதிகள் சிதைந்து, கணிப்பொறி மணிக்கணக்கில் திணறும். சோதனைப்பெட்டியின் எட்டு விளக்குகளோ அப்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கும்.